பந்திக்கு முந்தைய பத்து நிமிடம்

என் அலமாரியில் ஒரு மேசை மணி இருக்கிறது. தலையில் தட்டினால் 'டிங்' என்று ஒலிக்கும் பித்தளை மணி. இப்போது கறுத்து, ஓரமெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. போன மாதம் அதைக் கேட்டுக்கொண்டு சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நாட்டிலுள்ள வானியலாளர்களெல்லாம் சேர்ந்து நடத்தும் சங்கம். ஐம்பதுகளில் என் சித்தப்பா அதற்குச் செயலாளராக இருந்தார். விழா எடுக்கிறார்களாம், பழைய பொருள்களைக் காட்சிக்கு வைக்கிறார்களாம். "சின்னவர் பெரியவர் பார்க்காம எல்லாருக்கும் ஒரே பத்து நிமிஷம் கொடுத்தவராமே உங்க சித்தப்பா. அவர் நியாயத்துக்கு இந்த மணி ஒண்ணு போதும் மாமி" என்றான் இளையவன். நல்ல பையன்தான். மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்" என்று சமையலறைப் பக்கம் எழுந்தான். "வை கீழே" என்று நான் போட்ட சத்தத்தில் கூட வந்தவர் காப்பியை வேட்டியில் சிந்திக்கொண்டார். எதற்குக் கத்தினேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பாவுக்கு வடக்கே ஒரு பெரிய வானாய்வுக்கூடத்தில் உத்தியோகம். லீவில் பாலக்காட்டில் எங்கள் கல்பாத்தி அக்கிரகாரத்துக்கு வந்தால் தெருவே எழுந்து நிற்கும். அந்த வருஷம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தைப் பாலக்காட்டுக்கே கொண்டு வந்தார். கூட்டம் காலேஜ் ஹாலில், சாப்பாடு எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில். நான் டைப்பும் சுருக்கெழுத்தும் தேறிவிட்டு வரனுக்காக உட்கார்ந்திருந்தவள். நிகழ்ச்சி நிரலை அடிக்கவும், பேச்சுகளைக் குறிப்பெடுக்கவும் என்னை அமர்த்திக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நட்சத்திரங்களோடு பழகுகிறவர்கள், மனசும் அவ்வளவு விசாலமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அசடு.

அந்தக் காலேஜில் டெமான்ஸ்ட்ரேட்டராக ஒருவர் இருந்தார். ராவுத்தர் சார் என்போம். அவருடைய வாப்பா ஏலக்காய் வியாபாரி. சரக்கு எடுக்க வாப்பா மலைமேல் சாந்தன்பாறைக்குப் போகும்போதெல்லாம் இவரும் தொலைநோக்கியைச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். நட்சத்திரம் எங்கே அதிகம் நடுங்குகிறது, எங்கே அசையாமல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவர் ஆராய்ச்சி. கணவாய்க் காற்று அடிக்கும் பாலக்காட்டில் ஒரு மாதிரி, மலைமேல் வேறு மாதிரி. எம்.எஸ்ஸி. முடித்திருந்தும் காலேஜில் அவருக்குத் தற்காலிக வேலைதான். அப்போது ஒரு வானாய்வுக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. சங்கத்தின் உறுப்பினருக்குத்தான் அது கிடைக்கும். உறுப்பினராக வேண்டுமென்றால் ஆண்டுக் கூட்டத்தில் கட்டுரை வாசிக்க வேண்டும். அதைக் கேட்டவர்கள் அன்று பிற்பகலே கை தூக்க வேண்டும். அவருடைய வாழ்க்கை முழுக்க அந்தப் பத்து நிமிஷத்தில் இருந்தது. அது எனக்குத் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சித்தி எரிசேரிக்குச் சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏன்னா, அந்த ராவுத்தர் பிள்ளையாண்டான் எங்கே உக்காரப்போறார்? பந்தியிலயா? தெருவுல நாலு பேர் நாலு விதமாப் பேசுவா" என்றாள். சித்தப்பா நிரலின்மேல் பென்சிலால் தட்டினார். "அதெல்லாம் யோசிக்காம இருப்பேனா? அவர் பேச்சைச் சாப்பாட்டுக்கு முன்னாடி கடைசியாப் போட்டிருக்கேன். அவர் ஆரம்பிக்கறச்சே எலை போட்டுடச் சொல்லிட்டேன். எல்லாரும் எழுந்து வந்துடுவா. அவருக்குக் கேரியர்ல காலேஜுக்கே அனுப்பிச்சுடலாம். யார் மனசும் நோகாது, கேட்டயோ." அந்த நிரலை அன்று காலைதான் என் கையால் அடித்திருந்தேன். கிரகங்களின் பாதையைக் கணக்குப் போடுகிற மூளை, ஒரு மனிதரைப் பந்தியிலிருந்து விலக்கவும் எவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போடுகிறது என்று அன்று பார்த்தேன். யார் மனசும் நோகாதாம்.

மறுநாள் காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒருவர் சூரியனின் கறைகளைப் பற்றிப் பேசினார், ஒருவர் வால்நட்சத்திரம் பற்றி. பத்து நிமிஷம் ஆனதும் சித்தப்பா மணியைத் தட்டுவார். பேசுகிறவர் எவ்வளவு பெரியவரானாலும் உட்கார்ந்துவிடுவார். கடைசியாக ராவுத்தர் சார் எழுந்தார். புதுச் சட்டை, கஞ்சி மொரமொரப்பு. கரும்பலகையில் மலையையும் கணவாயையும் ஒரு கோடாக வரைந்து திரும்பினார். வாசலில் சமையல்காரரின் ஆள் வந்து நின்று, "எலை போட்டாச்சு" என்றான். தலைவர் முதலில் எழுந்தார். பந்திக்கு முந்து என்று பாடம் வைத்தவர்கள்போல மற்றவர்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் தேய்கிற சத்தம் ஓயும்போது ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். மேசையில் மணி.

"ஏனுங்க, நீங்க சாப்பிடப் போகலைங்களா?" என்று கேட்டார்.

"குறிப்பெடுக்கிறதுதான் சார் எனக்கு வேலை."

"அப்பச் சபை இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார். காலி நாற்காலிகளைப் பார்த்து, ஒரு வாக்கியத்தையும் விழுங்காமல் பேசினார். நட்சத்திரம் நடுங்குவதில்லை, நடுவில் இருக்கிற காற்றுதான் நடுங்குகிறது என்று அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. சாந்தன்பாறைக் கணக்குக்கு வந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேசைக்கு நடந்து வந்து, தானே மணியைத் தட்டி, பாதிப் பேச்சில் நிறுத்தினார். "நேரம் ஆச்சுங்க" என்றார். கேரியர் வந்தது. அதைத் திறக்கக்கூட இல்லை. "எங்க ஊட்லயும் சோறு ஆக்குவாங்கங்க" என்று கொண்டுவந்தவனிடம் மெதுவாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

நான் மண்டபத்துக்குப் போனபோது பந்தி முடியும் தறுவாயில் இருந்தது. கடல் கடந்து வந்திருந்த வெள்ளைக்கார விருந்தாளிக்கு நடு ஹாலில் மேசை போட்டு, அதன்மேல் இலை போட்டிருந்தார்கள். அவர் ரசத்தை இலையெங்கும் ஓடவிட, தெருப் பெரியவர்களெல்லாம் சுற்றி நின்று சோற்றால் எப்படி அணை கட்டுவது என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவரால் தெருவுக்குத் தீட்டு இல்லை. நான்கு தெரு தள்ளிப் பிறந்து, எங்களைப் போலவே தமிழ் பேசுகிற மனிதரால்தான் தீட்டு. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். எனக்கு அன்று பாலடைப் பிரதமன் பாயசம் கசந்தது. சாப்பிட்ட யாருக்கும் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

பிற்பகல் கூட்டத்தில் அவர் பெயர் வந்தது. "கட்டுரையை யாரும் கேட்கலையே, கேட்காம எப்படிக் கை தூக்கறது? அது நியாயமில்லை" என்றார் சித்தப்பா. நியாயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டேன். தலைவர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை. ராவுத்தர் சார் பின் வரிசையிலிருந்து எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. பிறகு வந்த சங்கத்தின் செய்தி இதழில் அன்றைய பிரதமனுக்கு நான்கு வரி இருந்தது. அவர் கட்டுரைக்கு ஒரு வரி இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "யாரும் இல்லேன்னாலும் அவர் பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு வார்த்தை பேசலை சித்தப்பா. உங்க மணியைத் தானே தட்டிண்டு நிறுத்தினார்" என்றேன். கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். சித்தப்பா பையிலிருந்து மணியை எடுத்தார். விரல் நுனியால் பிடித்துச் சித்தியிடம் நீட்டினார். "இதைப் புளி போட்டு நன்னாத் தேய்ச்சு வை" என்றார். சித்தி கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு அவர் காலில் விழுந்து நான் நமஸ்காரம் செய்ததில்லை. என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

கல்யாணமாகி ஏலப்பாறைக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்கு அங்கே தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலை. ஒருமுறை சாந்தன்பாறையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ராவுத்தர் சாரைப் பார்த்தேன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, தோளில் ஏலக்காய் மணம். "இன்னும் வானத்தைப் பார்க்கறேளா சார்?" என்று கேட்டேன். "ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்ப் புகையைத்தாங்க பார்க்கறேன்" என்று சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் ஏறும்போது, "உங்க சித்தப்பா சாருக்குச் சொகந்தானுங்களா?" என்று விசாரித்தார். சுகம் என்றேன். வேறு என்ன சொல்ல?

சித்தப்பா போனபின் சித்தி மணியை என்னிடம் கொடுத்தாள். "நீதானே அன்னிக்கு அந்தப் பிள்ளையாண்டானுக்காகப் பேசினே, நீயே வச்சுக்கோ" என்றாள். அன்றிலிருந்து இதன்மேல் ஒரு துணிகூடப் பட்டதில்லை. வேலைக்காரியையும் தொடவிட்டதில்லை.

சங்கத்துப் பையன் மறுபடி வருவான், மணியைக் கொடுத்துவிடுவேன். இந்தக் காகிதங்களையும் கூடவே கொடுப்பேன், பக்கத்தில் வைக்கட்டும். ஆனால் கறுப்பும் பச்சையுமாக இருக்கிறபடியேதான் வைக்க வேண்டும். அதை ஒரு தடவை தேய்த்தாயிற்று. அது போதும்.