மதகடியில் இரண்டு மிதி

புது மோட்டார் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தபோது, அது யாருக்காக வந்ததோ அவன் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சைகோனில் வங்கி வேலையில் இருந்த அப்பா, பாண்டிச்சேரி ஏஜெண்டு மூலமாக அண்ணனுக்கென்று பதிந்துவைத்த வண்டி. அண்ணனை மஞ்சள் காமாலை பதினோரு நாளில் கொண்டுபோய்விட்டது. வண்டிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்குக் கப்பலேறி வந்தது. பாண்டியிலிருந்து அதை ஓட்டி வந்த ஆள் கோவில்பத்தில் எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் பஸ்சுக்குப் போய்விட்டார்.

அம்மா வந்து வண்டியைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும். ஆள் நின்றால் ஒரு நிழல் தெரியும். அதற்கு மேல் இல்லை. புரை முத்தினால்தான் எடுக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் காத்திருந்தோம்.

“கறுப்புதானே பாப்பா?” என்று கேட்டாள்.

அண்ணன் ஓட்டிய பழைய வண்டி கறுப்பு. இது இளம்பச்சை. நான் ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கே எனக்குப் புரியவில்லை.

பழைய வண்டியை நாகப்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இதையும் கொடுத்துவிடலாம் என்று அப்பா எழுதினார். நான் ஓட்டுகிறேன் என்று பதில் எழுதினேன். எனக்குப் பத்தொன்பது வயது. கன்னியர் பள்ளியில் ப்ரெவே பரீட்சை பாஸ் செய்துவிட்டு, படித்த புத்தகத்தையே திரும்பப் படித்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். வாசலில் ஒரு வண்டி நிற்கும்போது சும்மா இருக்கும் சுபாவம் எனக்கு இல்லை. அப்பாவின் சம்மதம் வருவதற்குள் கருக்களாச்சேரி போகிற மணல் பாதையில் நான் மூன்றாவது கியர் வரைக்கும் போயிருந்தேன்.

போயிருந்தேன் என்று சொல்வது சுலபம். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் இருந்தது. வண்டியோடு வந்த பிரெஞ்சுப் புத்தகம் கிளட்சை ஒரு தடவை மிதித்தால் போதும், கியர்ப் பற்கள் உள்ளே தானாக இசைந்துகொள்ளும் என்றது. புத்தகம் சொன்னபடியே ஒரு தடவை மிதித்தேன். வண்டி தூக்கிப் போட்டது. ஒவ்வொரு கியருக்கும் என் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. கூடையோடு கரையிலிருந்து வந்த மீன்காரப் பெண்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“என்னா பாப்பா, வண்டிக்கு விக்கலா? கொஞ்சம் தண்ணி குடுத்துப் பாரு.”

“தண்ணிக்கெல்லாம் நிக்காதுடி. ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா நிக்கும்.”

“யாருக்கு, வண்டிக்கா பாப்பாவுக்கா?”

அவர்கள் சிரிப்பு தென்னந்தோப்பைத் தாண்டியும் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் ரோஷம். எதையும் ரெண்டாம் நாளே பிடித்துவிடுகிற எனக்கு இது பத்து நாளாகியும் பிடிபடவில்லை.

பன்னிரண்டாவது நாளோ என்னவோ, புத்தகத்தைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போன நாட்களை நினைத்துப் பார்த்தேன். முகம் சரியாக வரவில்லை. அவனுடைய இடது கால்தான் வந்தது. மிதி, விடு, மறுபடி மிதி. பழைய வண்டியில் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் உரசிக் கத்தும். வேகம் குறைத்துக் கீழ்க் கியருக்கு வரும்போது, அந்த இரண்டு மிதிக்கும் நடுவில் வலது காலால் ஆக்சிலேட்டரை இத்தனூண்டு தட்டுவான். எஞ்சின் ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொள்ளும். அப்புறம் கியர் விழுந்ததே தெரியாது. அவன் வண்டியில் அம்மா டம்ளரில் காப்பியோடு உட்கார்ந்து போயிருக்கிறாள்.

அதேபோல் செய்தேன். மிதி, விடு, தட்டு, மிதி. எஞ்சின் செருமியது. கியர் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை, வண்டி போய்க்கொண்டே இருந்தது.

சந்தோஷத்தில் கத்தத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு முந்தி யாரோ செருமிவிட்டது போலிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்துச் சீட்டைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வண்டி ஓட்டும் பெர்மி வாங்கிய வாரமே அம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துப்போக ஆரம்பித்தேன். சாயங்காலம் கடற்கரைக்குப் போவது அண்ணன் காலத்துப் பழக்கம். அவள் எப்போதும் போல எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையை என் சீட்டின் முதுகில் வைத்துக்கொண்டாள். ஊருக்குள் நுழைவதற்கு முன் ஒரு வாய்க்கால் மதகு, அதை ஒட்டி ஒரு வளைவு. அங்கே மூன்றிலிருந்து இரண்டுக்கு வர வேண்டும். வந்தேன். எஞ்சின் செருமியது.

“தம்பி, மணி என்ன ஆச்சு?” என்றாள் அம்மா.

அண்ணனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். நாக்குத் தவறி வந்திருக்கும் என்று நினைத்தேன். ஆறாகப் போகிறது என்றேன். ம் என்றாள்.

மறுநாளும் அதே மதகில், “தம்பி, காத்து மூஞ்சில அடிக்குது, கண்ணாடிய ஏத்திவிடு” என்றாள். ஏற்றினேன். மூன்றாம் நாள் கடற்கரையில் வறுத்த வேர்க்கடலை வாங்கினோம். திரும்பி வரும் வழியில் அவள் ஒவ்வொன்றாகத் தோலைத் தேய்த்து, ஊதி, என் தோளுக்கு மேல் கையை நீட்டினாள். அண்ணனுக்குக் கடலைத் தோல் ஆகாது. எனக்குத் தோலோடுதான் பிடிக்கும். சின்ன வயதிலிருந்து அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். கையில் வாங்கித் தின்றேன். உள்ளங்கையில் அவள் விரலின் சூடு பட்டது. நான் யார் என்று சொல்லவில்லை.

இதைப் புத்தி பேதலிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டில் அவள் தெளிவாக இருந்தாள். மாதா மாதம் அவனுக்கு இலை போட்டுப் படைத்தாள், அழுதாள், அவன் சட்டைகளை யாருக்குக் கொடுக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டாள். வீட்டில் அவன் இறந்தவன். வண்டியில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு சாத்தும் சத்தம்தான்.

நானும் லேசுப்பட்டவளில்லை. தினமும் இன்னும் நயமாக ஓட்டினேன். காலையில் தனியாகப் போய்ப் பழகினேன். அந்த வளைவில் அவன் எந்த இடத்தில் காலை எடுப்பான் என்று நினைவைக் கிளறி, அதே புளியமரத்து நிழலில் எடுத்தேன். சில நாள் நான் நினைப்பதற்கு முன்பே கால் போய்விடும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அம்மாவின் முகம் அவ்வளவு நிம்மதியாக இருக்கும். அதற்கு மேல் அந்தக் கண்ணாடியில் எதையும் தேட எனக்குத் தைரியம் இல்லை. பேசாமல் ஓட்டுவேன். என் குரலைக் கேட்டால் அவன் போய்விடுவான் என்று எனக்கே ஒரு பயம்.

மூன்று மாதம் இப்படி.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் புரை நன்றாக முத்திவிட்டது என்றார். ஒரு மாதத்துக்குள் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போய் எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அது ஊறி உடைந்து கண்ணே கெட்டுவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அம்மா வீட்டுக்கு வந்ததும் வேண்டாம் என்றாள். கத்திக்குப் பயம், இந்த வயதில் என்ன பார்க்கப் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம். நான் விடவில்லை. இரண்டு வாரம் கெஞ்சினேன், கோபித்தேன், அப்பாவுக்கு எழுதிவிடுவேன் என்றேன். ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“கண்ணு வந்துட்டா முன்னால யாரு உக்காந்திருக்கான்னு தெரிஞ்சிடும் பாப்பா. இப்பத் தெரியலல்ல. அது போதும் எனக்கு.”

நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அவளை யாரும் ஏமாற்றவில்லை. நான்தான் அவளுக்கு அவனைத் தினம் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அவள் தன் கண்ணைக் கொடுக்கத் தயாராக இருந்தாள்.

அன்றைக்கும் கடற்கரைக்குக் கிளம்பினோம். மதகு வந்தது. புளியமர நிழலில் என் இடது கால் தானாக எழுந்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். புத்தகத்தில் எழுதியிருந்தபடி ஒரே ஒரு மிதி. நடுவில் தட்டவில்லை. எஞ்சின் செருமவில்லை. கியர் விழுந்தது, வண்டி மாடு மாதிரி தலையைக் குனிந்து நிமிர்ந்தது. அம்மாவின் தோள் என் சீட்டில் வந்து மோதியது.

சீட்டின் முதுகில் இருந்த கை விலகியது. அது போனது எனக்கு முதுகில் தெரிந்தது.

கடற்கரை வரைக்கும் ஒவ்வொரு கியரையும் அப்படியே போட்டேன். அவள் கடலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை. இருட்டுவதற்குள் திரும்பினோம். மதகு கிட்டே வரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாப்பா.”

“என்னம்மா?”

“இங்க நிறுத்து. அவன் எறங்கிக்கட்டும்.”

நிறுத்தினேன். என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் திறந்து நானே இறங்கினேன். கதவைச் சாத்தினேன். வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம், தவளைகள், தர்மபுரம் பக்கம் ஒரு விளக்கு. சாலையில் ஒருவரும் இல்லை. உள்ளே அம்மா திரும்பாமல் முகத்தை நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“போயிட்டானா?”

“போயிட்டாம்மா.”

“சரி, நீ ஏறு.”

ஏறி வண்டியை எடுத்தேன். முதல் கியரே உரசிக் கத்தியது. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காகிதம் பிரியும் சத்தம் கேட்டது. என் தோளுக்கு மேல் ஒரு கை கடலை வந்தது. தோலோடு.

மறு வாரம் பாண்டிச்சேரிக்குப் போனோம். சிதம்பரம், கடலூர் வழியாக அவ்வளவு தூரமும் குலுக்கிக் குலுக்கித்தான் ஓட்டினேன். வழியெல்லாம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். கண் கட்டோடு அசையாமல் படுக்க வேண்டிய நாட்கள் முடிந்து, சோடாபுட்டிக் கண்ணாடி வந்து, ஆஸ்பத்திரி வாசலில் முதல் தடவையாக வண்டியைப் பார்த்தாள்.

“பச்சை” என்றாள்.

“ஆமாம்மா.”

“கறுப்புன்னியே.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சீர்காழி தாண்டும் வரை அந்தக் கனத்த கண்ணாடி வழியாக என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அவன் ரெண்டு தடவ மிதிப்பான்.”

“இதுக்கு ஒண்ணு போதும்மா.”

“அதான் இப்படிக் குலுங்குதா?”

இப்போது குலுங்குவதில்லை. ஒரே மிதியில், எஞ்சின் வேகம் பார்த்துக் காலை மெல்ல விடக் கற்றுக்கொண்டுவிட்டேன். என் ஓட்டு என்று ஒன்று வந்திருக்கிறது. மீன்காரப் பெண்களே ஒப்புக்கொண்டார்கள். கடற்கரைக்கும் போகிறோம். எப்போதாவது ஒரு சாயங்காலம், மதகு வரும்போது அம்மா, இங்கே கொஞ்சம் நிறுத்து என்பாள். காரணம் சொல்ல மாட்டாள். கியரை எடுத்துவிட்டு, எஞ்சினை அணைக்காமல் நிறுத்துவேன். ஓர் ஆள் ஏறுவதற்கோ இறங்குவதற்கோ ஆகிற நேரம் இருவரும் காத்திருப்போம். பிறகு அவள் சரி என்பாள். நான் முதல் கியரைப் போடுவேன்.