ஒன்பதாவது பெயர்

பலகையில் ஒட்டியிருக்கும் தாளை ரோஜா மேலிருந்து படிக்க மாட்டாள். கடைசிப் பெயரில் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஏறி, தன் பெயரில் வந்து நிற்பாள். தனக்கு மேலே எத்தனை பேர் என்று பார்ப்பது அப்புறம்தான்.

"கீழ இருந்து பாத்தா எனக்குப் பின்னாடி எம்புட்டுப் பேரு இருக்காகன்னு தெரியும்ல மிஸ். கொஞ்சம் தெம்பா இருக்கும்."

விருதுநகரில் நான் வேதியியல் நடத்தும் மகளிர் கல்லூரியின் அலுவலக வாசலில் இருக்கிறது அந்தப் பலகை. ஜூன் மாதம் பி.எஸ்ஸி. வேதியியலுக்குக் காத்திருப்புப் பட்டியல் ஒட்டியபோது ரோஜா ஒன்பதாவது. சேர்ந்தவர்களில் யாராவது விலகினால் ஒரு படி ஏறலாம். மற்றவர்கள் வீட்டிலிருந்தே போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். இவள் மட்டும் அச்சங்குளத்திலிருந்து சாத்தூர், அங்கிருந்து விருதுநகர் என்று பஸ் மாறி, வாரத்தில் மூன்று நாள் நேரில் வந்துவிடுவாள்.

துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி, சான்றிதழ் உறையை நெஞ்சோடு அணைத்தபடி அலுவலகத்துக்கு எதிரே சிமெண்டு மேடையில் உட்கார்ந்திருப்பாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். தண்ணீர்க் கேன் போடுகிறவர் வெளியே வந்தாலும் எழுந்துவிடுவாள். அவர் கூச்சப்பட்டு, "உக்காரும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

முதல்வருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை எனக்குக் காட்டியவர் அலுவலக உதவியாளர் கற்பகம். 'இடம் காலியானால் அன்றே சேர்ந்துவிடுவேன். தகவல் கிடைத்து ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவேன். பஸ் பிந்தினால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகலாம்.' கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

எனக்கு வீடு சாத்தூரில். மாலையில் சில நாள் ஒரே பஸ்ஸில் வருவோம். வேதியியல்தான் வேண்டும் என்று ஏன் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்கம்மா பட்டாசுக் கம்பெனியில இருந்து வந்தா கையில வெள்ளி மாதிரி ஒட்டியிருக்கும் மிஸ். அலுமினியப் பவுடராம். எம்புட்டுத் தேச்சாலும் போகாது. சோத்துல கூட மினுக்கும். அது ஏன் அப்பிடி ஒட்டுதுன்னு எங்க ஊர்ல யாருக்கும் தெரியல."

இன்னொரு காரணம் ரோஷினி. சாத்தூரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள். ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு பேரும் இந்தக் கல்லூரிக்கு ஒரே நாளில் விண்ணப்பித்தார்கள். ரோஷினிக்கு முதல் பட்டியலிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் வகுப்புகள் தொடங்கியதும் மதிய இடைவேளையில் ஓடி வந்து சிமெண்டு மேடையில் உட்கார்ந்து ரோஜாவோடு சாப்பிடுவாள். இரண்டாவது வாரம் புதுத் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். அவர்கள் பேசியது ஆய்வகத்தைப் பற்றி, யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பற்றி. ரோஜா சிரிக்க வேண்டிய இடத்தில் சற்றுப் பிந்திச் சிரித்தாள். அதற்கடுத்த வாரம் ரோஷினி தூரத்திலிருந்து கையை மட்டும் ஆட்டினாள்.

பட்டியல் நகர்ந்தது. ஆறு, நான்கு, பிறகு அசையாமல் மூன்று. அந்த நேரத்தில்தான் சாத்தூர்ப் பக்கம் வேறொரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் அசல் டி.சி.யைக் கொடுத்தால்தான் அந்த இடம். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது லேசில்லை.

"இங்கன எனக்குக் கெடைக்குமாக்கா?" என்று கற்பகத்திடம் கேட்டாள்.

"எப்பிடிம்மா சொல்ல? இஞ்சினியரிங் கவுன்சிலிங் முடிஞ்சா ஒண்ணு ரெண்டு பேரு போவாக. போகாமலும் இருப்பாக."

நானும் என் பங்குக்கு, "கையில் இருப்பதில் சேர்ந்துகொள்" என்றேன். "சரி மிஸ்" என்றாள். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வகுப்பு முடிந்து இறங்கி வந்தால், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் உறை. நான்கு மணிக்குப் போனைப் பார்த்தாள். உறையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"மணியாயிருச்சு மிஸ்."

அந்தப் பிடிவாதம் வீட்டில் எடுபடவில்லை. "'கெடச்சத விட்டுட்டு அங்கன போயி காவல் கெடக்கியா? சீசன் நேரம், கம்பெனியில ஆளு கேக்காக, வா'ன்னுட்டாக அம்மா" என்று பிறகொரு நாள் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து அம்மாவோடு போய்ப் பட்டாசுப் பெட்டிகளில் லேபிள் ஒட்டினாள். சிமெண்டு மேடை காலியானது. கம்பெனிக்குள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் கொடுத்துவிட வேண்டும். கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கும்படி காவலாளியிடம் கெஞ்சிச் சொல்லிவைத்திருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை இடம் காலியாகி, கற்பகம் அவளுக்குப் போன் போட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "யாரோ ஆம்பளக் குரல் மிஸ். 'லைன்லயே இருங்க, கூட்டியாறேன்'னு சொல்லிட்டு ஓடுறாரு. பெறகு இந்தப் பிள்ள ஓடி வருது. மூச்சு வாங்குறது மட்டுந்தான் கேக்கு, பேச்சே வரல."

ஒரு மணி இருபது நிமிடத்தில் வந்து நின்றாள். விரல்களில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. படிவம் அழுக்காகிவிடும் என்று துப்பட்டா நுனியால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் இருக்கையை விட்டுக்கொடுத்தேன். "சந்தோஷமா?" என்றேன். "ம்" என்றாள். ஆர்.ஆர். நகர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"போனது யாருன்னு தெரியுமா மிஸ்?"

தெரியும். ரோஷினி. கோயம்புத்தூரில் பொறியியல் கிடைத்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தா. எனக்கு மேல இருந்த ரெண்டு பேரும் வேற காலேஜுல சேந்துட்டாக, நாந்தான் மொத ஆளுன்னு அவளுக்குத் தெரியும். 'எங்கப்பா போகச் சொல்றாக. எனக்கு அம்புட்டுத் தூரம் போகப் பயமா இருக்கு. நீ சொல்லு, போகவா, இருக்கவா'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"போன்னு சொன்னா எனக்கு சீட்டு வேணும்னு சொன்ன மாதிரி ஆயிரும். போகாதேன்னு சொன்னா அவளுக்குக் கெடுதல். ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தேன் மிஸ். அவ கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தா. அம்மா போட்ட டீயக் கூடக் குடிக்கல. செருப்ப மாட்டிட்டுப் போயிட்டா."

"போன் பண்ணிப் பார்க்க வேண்டியதுதானே?"

"பண்ணுனேன். எடுக்கல." கொஞ்சம் கழித்து, "ஒரு வார்த்த பேசியிருக்கலாம். எந்த வார்த்தன்னுதான் இன்னும் தெரியல" என்றாள்.

சாத்தூரில் இறங்கினோம். அச்சங்குளம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவள் ஓடவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றாள்.

மறுநாள் முதல் மணி நேரம் என்னுடைய வகுப்பு. வகுப்புகள் ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. யார் யாரோடு உட்காருவது, யார் யாருக்குக் குறிப்பேடு கொடுப்பது என்பதெல்லாம் முடிவாகிவிட்ட வகுப்பு. ரோஜா வாசலில் நின்று, "வரலாமா மிஸ்?" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ரோஷினியின் தோழிகள் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டு, "இங்கன வா, இது காலிதான்" என்று பெஞ்சைத் தட்டினாள். ரோஜா அந்த இடத்தைப் பார்த்தாள். சிரித்துவிட்டு, "இல்ல, இருக்கட்டும்" என்று பின்னால் நடந்தாள்.

வருகைப் பதிவேட்டில் ரோஷினியின் பெயரை இன்னும் அடித்திருக்கவில்லை. பழக்கத்தில் அதையும் படித்துவிட்டேன். "போயிட்டா மிஸ்" என்று நாலைந்து குரல்கள். கோடு போட்டுவிட்டு, ரோஜாவின் பெயரைத் தாளின் அடியில் எழுதி, கடைசியாகக் கூப்பிட்டேன்.

"உள்ளேன் மிஸ்."

கடைசி வரிசையில் அந்தப் பெஞ்சில் அவள் மட்டும்தான். மூன்று பேர் உட்காரக்கூடியது. சுவரை ஒட்டிய ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, பையைக்கூடப் பக்கத்தில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, மீதி இடத்தை அப்படியே விட்டிருந்தாள்.