கந்தப்பன் மாமன் கட்டாத குச்சு

கந்தப்பன் மாமன் வாடகைக்கு விடுவதற்கென்றே இரண்டு வீடு கட்டப் போகிறார் என்று தெரிந்ததும் எங்கள் ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. கேரளத்துக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கடலையும் பருத்தியும் போட்டுப் பிழைக்கிற ஊர் அது. காட்டைக் குத்தகைக்கு விடுவார்கள், மாட்டை வாரத்துக்கு விடுவார்கள். தலைசாய்க்க இடம் கேட்டு வந்தவரிடம் காசு வாங்குவதை யாரும் கேள்விப்பட்டதில்லை. என் அம்மா அவருக்கு அக்கா. அவளே, "ஏன்டா, இனிச் சோத்துக்கும் வெலை போட்டு வெப்பயா?" என்று நடுத்தெருவில் கேட்டாள்.

மாமன் அசரவில்லை. கிணறு இரண்டு வருடமாக வற்றிக் கிடந்தது. ஊருக்கு உயர்நிலைப் பள்ளி வந்திருந்தது. வாத்தியார்கள் தங்க வீடில்லாமல் பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போனார்கள். பொள்ளாச்சியில் அவருடைய சகலை நாலு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெள்ளை வேட்டி கசங்காமல் வாழ்ந்துகொண்டிருந்தார். "மழையும் வேண்டாம், மாடும் வேண்டாம், மாசம் பொறந்தா வாடகை" என்று மாமன் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். உழவு மாட்டு ஜோடியை விற்றார். பஸ் நிற்கிற இடத்தில், காட்டு ஓரமாக, ஓடு போட்ட வீடு இரண்டு எழும்பியது. ராசம்மாள் அத்தை சேறு மிதித்து மிதித்தே காலில் சேற்றுப்புண் வாங்கினாள். மாட்டை விற்ற குடியானவனுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அந்த இரண்டு வீடும் கைவிட்டுப் போனால் மாமனுக்கு வேறு நாதி கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவரைத் திட்ட வேண்டும். நானும் அப்படித்தான் திட்டுகிறேன்.

வீட்டுக்குப் பூட்டு வாங்கின வாரமே டீக்கடையில் ஒரு செய்தி அடிபட்டது. பக்கத்து ஊர்ப் பண்ணையத்தில் தலைமுறையாகக் குடிசை போட்டு இருந்தவர்களுக்கு, புதிதாக வந்த நிலச் சட்டப்படி குடிசையும் அதைச் சுற்றிப் பத்து சென்ட்டும் சொந்தமாகிவிட்டதாம். நியாயமான காரியம். அந்தச் சனங்கள் பட்ட பாட்டுக்கு நூறு சென்ட் கொடுத்தாலும் தகும். ஆனால் மாமன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். "ராசம்மா, குடியிருக்கறவனுக்கே எடம் சொந்தமாமா! நாம கட்டி வெச்சது எவனுக்கோ!"

பழைய குடிசைக்காரர்களுக்கு வந்த சட்டம் இவருடைய ஓட்டு வீட்டை ஒன்றும் செய்யாது. விவரம் தெரிந்த யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். கேட்டால் அதுவே அடுத்தவனுக்கு வழிகாட்டினது போல ஆகிவிடும் என்று பயந்து மனிதர் வாயே திறக்கவில்லை. என்ன மூளையோ! வீடு கேட்டு வந்த வாத்தியார்களையெல்லாம் சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினார். ஆறு மாதம் புது வீட்டில் பல்லி குடியிருந்தது.

அப்போதுதான் சுப்பாத்தாள் வந்தாள். உடுமலைப் பக்கத்துக்காரி, புருசனை இழந்தவள். மயிலாத்தாள் என்று ஒரே பெண். பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் சீருடை தைத்துப் பிழைக்கலாம் என்று தையல் மிஷினோடு வந்து இறங்கியிருந்தாள். மாமன் வழக்கம்போல விரட்டுவதற்கு முன்னால் குலத்தில் எந்தக் கூட்டம் என்று விசாரித்தார். பார்த்தால் அவளும் இவர் கூட்டம்தான். கொங்கில் ஒரே கூட்டமென்றால் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் அண்ணன் தங்கை முறை. தங்கச்சி என்றால் குடித்தனக்காரி ஆகமாட்டாள், இடம் கேட்க முடியாது என்று மாமனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இங்க பாரு ஆத்தா. வாடகையை எம்பட ஊட்டுக்காரிகிட்டக் குடுத்தாப் போதும். ஆரு வந்து கேட்டாலும் நீ எனக்குத் தங்கச்சி, அண்ணன் ஊட்டுல சும்மா இருக்கறேன்னுதான் சொல்லோணும். வாடகைங்கற பேச்சே வாயில வரப்படாது."

சுப்பாத்தாள் தலையாட்டினாள். "சொல்றனுங்ணா. எனக்குக் கூடப்பொறந்த ஆம்பளப்புள்ளை இல்லீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. மாமன் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்னொரு வீட்டுக்கு ஆள் பிடிக்கவும் இந்த வழி நன்றாக இருக்குமே என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

அவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை அவள் மனதார எடுத்துக்கொண்டாள். பண்டிகை நோம்பி என்றால் ஒப்புட்டும் கச்சாயமும் முதலில் அண்ணன் வீட்டுக்குத்தான் வரும். மாமனுக்குச் சட்டை தைத்தால் கூலி வாங்கமாட்டாள். ஊரில் வீடுகளைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தபோது மாமன் வேலியோரம் நின்று வெளுத்துப் போனார். சுப்பாத்தாள் நூல் ஒட்டின சேலையோடு வெளியே வந்து, "எங்கண்ணன் ஊடுங்க. கூடப்பொறந்தவன் ஊட்டுக்கு ஆராச்சும் வாடகை குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அவருக்கு மோரும் கொடுத்து அனுப்பினாள். அன்றைக்கு மாமன் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே!

எழுபத்தைந்தில் மயிலாத்தாள் பெரியவளானாள். எங்கள் பக்கம் பெண் பெரியவளானால் தாய்மாமன்தான் வரவேண்டும். அவன் கையால் பச்சைத் தென்னை ஓலை வெட்டி, வாசலோரம் சின்னக் குச்சு கட்டி, அதற்குள்தான் பெண்ணை உட்கார வைப்பது. மாமன் இல்லாத பெண்ணென்றால் பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். சுப்பாத்தாள் ஓட்டமும் நடையுமாக வெற்றிலை பாக்குத் தட்டோடு மாமன் வீட்டுக்கு வந்தாள். "அண்ணா, உங்க மருமக உக்காந்துட்டா. நாளைக்கு வந்து குச்சுக் கட்டிக் குடுக்கோணுங்க" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மாமன் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கினவர் நேராக டீக்கடைக்குப் போய் உளறியிருக்கிறார். மலையாளிக் கடைக்காரருக்குக் கேலி என்றால் சக்கரைக்கட்டி. "கந்தப்பன் சேட்டா, குடிசையை நீங்களே கெட்டிக் கொடுத்தா பின்னே கேசுகூட வேண்டா, பத்து சென்ட் தன்னால போகும்" என்றாராம். கடையே சிரித்திருக்கிறது. மாமன் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் பெண்களெல்லாம் கூடிவிட்டோம். மயிலாத்தாள் சுவரோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமனைக் காணோம். நான் போய்க் கேட்டதற்கு ராசம்மாள் அத்தை, "மாடு பாக்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிட்டாருடி" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மாடு வாங்க என்ன இருந்தது அவரிடம்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். தம்பி இப்படிச் செய்வான் என்று அவள் நினைக்கவில்லை.

வருகிறவர்களிடமெல்லாம் சுப்பாத்தாள், "அண்ணன் வந்துருவாரு, கெழக்க ஓலை வெட்டப் போயிருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உச்சி வெயில் வந்ததும் சொல்வதை நிறுத்தினாள். யாரோ ஒரு கிழவி, டீக்கடைப் பேச்சைக் கேட்டுவந்து, ஏன் வரவில்லை என்று அவள் காதில் போட்டுவிட்டாள். சுப்பாத்தாள் எழுந்து நேராக எங்கள் வீட்டுக்குப் போனாள். எங்கள் தென்னையிலிருந்து ஓலை கேட்டு வாங்கினாள், இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள், மாமனின் எல்லைக்கல்லைத் தாண்டினாள், ரோட்டுப் புறம்போக்கில் போட்டாள். நாங்கள் தடுக்கப் போனோம். "உடுங்க" என்றாள். தானே குழி தோண்டி, தானே முடைந்து, தாயே குச்சுக் கட்டினாள். பெற்றவள் கட்டி எங்கள் ஊர் பார்த்ததில்லை. பெண்ணைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து அதற்குள் உட்காரவைத்தாள்.

சாயங்கால பஸ்ஸில் மாமன் வந்து இறங்கினார். இறங்கின இடத்துக்கு நேராகக் குச்சு. சுற்றி ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும். அவர் கையில் ஒரு துணிப்பொட்டலம் இருந்தது. பச்சைப் பட்டுப் பாவாடை என்று பிறகு தெரிந்தது. நாளெல்லாம் சந்தையில் அலைந்துவிட்டு மனது கேட்காமல் வாங்கியிருக்கிறார். அதை நீட்டக் கை எழவில்லை.

சுப்பாத்தாள் எழுந்து வந்தாள். "வாங்க, ஊட்டுக்காரரே" என்றாள். அதுவரை அண்ணா என்பதைத் தவிர, வாடகைக்கு விட்டவரைக் கூப்பிடுவதுபோல அவரை அவள் கூப்பிட்டதே இல்லை. "உங்க கல்லுக்கு இந்தப் பக்கந்தானுங்க கட்டியிருக்கறேன். ஒருக்காப் பாத்துக்குங்க. பொறவு மனசுக்குச் சங்கடமா இருக்கப்படாது."

மாமன் பொட்டலத்தைக் கக்கத்தில் செருகிக்கொண்டு குனிந்த தலையோடு எங்களைக் கடந்து போனார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊரே பார்க்க எங்கள் ஆள் அப்படி நடந்து போனதில் எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சடங்கு முடிந்த மாதமே சுப்பாத்தாள் வேலந்தாவளத்துக்குக் குடிபோய்விட்டாள். போகும்போது அந்த மாத வாடகையை, இத்தனை நாள் போல அத்தையிடம் கொடுக்காமல், டீக்கடை முன்னால் மாமன் கையில் எல்லோரும் பார்க்கக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வது?

பிறகு சட்டத்தைப் பற்றி யாரோ விளங்கச் சொன்னார்கள். மாமன் வாத்தியார்களுக்கே வீட்டை விட்டார். மூன்றாவது வீடும் கட்டினார். சகலை மாதிரி வெள்ளை வேட்டியும் கட்டினார்; ஆனால் டீக்கடைக்கு மட்டும் போவதில்லை.

எழுபத்தொன்பதில் மயிலாத்தாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சுப்பாத்தாள் எங்கள் ஊருக்கு அழைக்க வந்தாள். தெருக்கோடியிலிருந்து வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் மாமன் குளித்து, சட்டை மாற்றி, அவளுக்குப் பாய் விரிக்கச் சொன்னார். நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். பெட்டிக்குள் நாலு வருடமாகக் கிடந்த பாவாடையை அத்தை வெளியே எடுத்து மடித்து வைத்தாள். சுப்பாத்தாள் ரோட்டோரம் வந்தாள். மூன்று வாடகை வீட்டிலும் ஏறினாள். முன்பின் தெரியாத வாத்தியார் பெண்டாட்டிகளுக்கெல்லாம் குங்குமம் கொடுத்து, குடும்பத்தோடு வரவேண்டும் என்று அழைத்தாள். மாமன் வாசற்படிக்கு வந்து நின்றுகொண்டார். அவள் தட்டைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமல் எங்கள் அம்மா வீட்டுக்கு நடந்தாள்.

"நம்மளை மறந்துட்டாளாட்ட இருக்குது" என்றாள் அத்தை.

"மறந்திருந்தாக் கூப்புட்டிருப்பா" என்றார் மாமன். பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு அவரே கதவைச் சாத்தினார்.