காதைக் கிள்ளினால் தே

கலியாணசுந்தரத்தின் கையிலிருந்து இன்னொரு கண்ணாடி கிளாஸ் விழுந்து நொறுங்கியது. கூடவே கபீர் நானாவின் இதயமும் நொறுங்கியது. தேநீர்க் கடையும் கிளாஸும் அவருடையவை அல்லவா?

"இதான் கடைசி. இனிமே இந்தக் கடையில கிளாஸ் உடைஞ்சா, உடைச்சவன் வீட்டுக்குப் போயிடணும்," என்றார் நானா.

சுந்தரம் தலையாட்டினார். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் பிறவி அவர். தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்பை விட்டு நகராதே என்று நானா ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். கூரை ஒழுகி, மழை அவர் தலையிலும் அடுப்பிலும் கொட்டியது. அடுப்பு அணைந்துவிட்டது. தண்ணீர் கொதிக்கவேயில்லை. சுந்தரமும் நகரவேயில்லை.

காஜா பெராங் வட்டாரத்தில் அவரைப்போல் தே ஆற்ற ஆளில்லை. ஆனால் திடீர்ச் சத்தம் கேட்டால் அவருக்கு உடம்பே தூக்கிப்போடும். புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்தில் மணியடித்ததும் பால் வாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடியவர். சலூனில் வேலை பார்த்தபோது வெளியே லாரி ஒன்று ஹாரன் அடிக்க, வாடிக்கையாளரின் பாதி மீசை பறிபோனது. இந்த வேலையும் போனால் அவரை வைத்துக்கொள்ள மலாக்காவில் யாருமில்லை.

அன்று நானாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி ஷரீஃபா, கல்லாவருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளாஸ உடைக்கிறது சுந்தரம் இல்லங்க. தியாகுவோட வாய்."

தியாகு பரிமாறுகிறவன். "தே ரெண்டு!" என்று அவன் கூவினால் தெங்கேராக் கடற்கரையில் படகு கட்டுகிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"கத்தாம எப்படி அக்கா ஆர்டர் சொல்றது? தந்தி அடிக்கவா?"

"கை எதுக்கு இருக்கு?"

அப்படித்தான் முடிவாயிற்று. காதைக் கிள்ளினால் தே. மூக்கைத் தொட்டால் கோப்பி. தலையைத் தட்டினால் ரொட்டி. தியாகு தன் குரலையே புதைத்துவிட்டு வந்தவன்போல் சில நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான். பிறகு வாடிக்கையாளர்களே சைகைக்குப் பழகிவிட்டார்கள். ஜலதோஷத்தோடு வந்த குமாஸ்தா கருணாகரன் மூக்கைத் துடைக்கத் துடைக்கக் கோப்பி வந்துகொண்டேயிருந்தது. மரியாதைக்கு அவரும் குடித்துக்கொண்டேயிருந்தார். சிலர் வீட்டிலும் காதைக் கிள்ளித் தே கேட்டார்கள். மனைவிமார் வந்து இன்னும் அழுத்தமாகக் கிள்ளினார்கள்.

கடையில் ஒரு கிளாஸ்கூட உடையவில்லை.

அப்போதுதான் மெர்டேக்கா வந்தது. நாடு விடுதலை பெற்ற ஆனந்தத்தில் ஊரே முழங்கியது. திடலிலிருந்து ஒரு கூட்டம் கத்திக்கொண்டே கடையை நோக்கி வந்தது. சுந்தரம் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஐயோ, தேசம் பிழைத்த நாளில் இந்த ஏழையின் பிழைப்புப் போய்விடுமா?

தியாகு பாய்ந்து வாசலை மறித்தான்.

"மெர்டேக்கா எல்லாம் வெளிய. உள்ள வந்தா வாய மூடணும். தே வேணும்னா காதைக் கிள்ளுங்க."

அன்றுதான் விடுதலை பெற்ற மக்கள், சத்தமில்லாமல் காதைக் கிள்ளிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சுந்தரம் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றி ஆற்றி வைத்தார்.

நிரம்பி வழியும் கடையைப் பார்த்து நானாவின் கண்கள் கலங்கின. உள்ளம் பொங்கியது. அடக்க முடியாமல் எழுந்து இரு கைகளையும் வீசி, "மெர்டேக்கா!" என்றார். கல்லாமேல் இருந்த அவருடைய கிளாஸ் பறந்துபோய்ச் சுவரில் மோதிச் சிதறியது.

நல்லவேளை, சுந்தரத்தின் கைகள் அப்போது காலியாக இருந்தன. இரண்டாலும் காதைப் பொத்திக்கொண்டார். சத்தம் அடங்கியதும் கைகளை எடுத்தார்.

"நானா, உடைச்சவன் வீட்டுக்குப் போயிடணும்னு சொன்னீங்க. எப்பப் போறீங்க?"

கடையே நானாவைப் பார்த்தது. அவர் சொங்கோக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார் வீட்டிலிருந்த ஷரீஃபா.

"வேலை போயிடுச்சு."

மறுநாள் காலை நானா கடைக்குள் ஏறாமல் வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் காதைக் கிள்ளினார். சுந்தரம் தே ஆற்றி, கிளாஸில் ஊற்றாமல், புதிதாக வாங்கிவைத்திருந்த தகரக் குவளையில் ஊற்றி நீட்டினார்.

"சந்தோஷம் வந்தா உங்க கை நிக்காது நானா. அது உங்க தப்பு இல்ல. இது விழுந்தா உடையாது. வேலைக்கு வாங்க."