நாலடி எட்டங்குலம்

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு சைக்கிள் வந்தது. நானும் தம்பியும் இரட்டையர். நான் பத்து நிமிடம் மூத்தவள், அந்தப் பத்து நிமிடத்தை வைத்தே அவனை அதட்டிக்கொண்டிருந்தவள். "யாரு உயரமோ அவங்க ஓட்டட்டும், இன்னொருத்தர் கேரியர்ல" என்று தீர்ப்பு சொன்ன அப்பா, டேப்பை எடுத்து அளந்தார். இருவருமே நாலடி எட்டங்குலம். கேரியரில் உட்கார்ந்து எங்கள் ஊர் சேலையூரைச் சுற்றுவதை நினைத்தாலே எனக்கு மானம் போயிற்று.

அக்கா இன்ஜினீயரிங் மாணவி. கம்ப்யூட்டரில் பைத்தான் பழகியவள், அடியும் அங்குலமும் சேர்ந்த 'உயரம்' என்றொரு வகையைத் தானே உண்டாக்கி, எங்கள் உயரங்களை அதில் போட்டாள். இரண்டுக்கும் நடுவே கூட்டல் குறி வைத்ததும் கம்ப்யூட்டர் தப்பு என்று கத்தியது. "அதுக்கு நம்பரைக் கூட்டத் தெரியும். இது நான் செஞ்சது, எப்படிக் கூட்டணும்னு நான்தானே சொல்லணும்?" என்றாள். பன்னிரண்டு அங்குலம் சேர்ந்தால் ஓரடி ஆக்கு என்று, 'ஆட்' (add, கூட்டு) என்ற பெயரில் சில வரிகள் எழுதினாள். மறுபடி கூட்டினால் ஒன்பதடி நாலங்குலம்! பழைய குறிக்குப் புதுப்பாடம் எடுக்க முடியுமா என்று வாயைப் பிளந்தேன்.

அக்கா சாப்பிடப் போனாள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கூட்டலை எடுத்துவிட்டு, 'பெரியதா' என்று கேட்கும் குறியைப் போட்டேன். நான் தம்பியைவிடப் பெரியவளா? 'ட்ரூ', அதாவது ஆமாம் என்று வந்தது. டேப்புக்குத் தெரியாத நூலளவு கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது! "பாத்தியாடா!" என்று பக்கத்தில் நின்ற தம்பியிடமிருந்து சைக்கிள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினேன். அன்றிலிருந்து கேம்ப் ரோட்டில் நான்தான் ஓட்டினேன். தம்பி எங்கள் இரண்டு பள்ளிக்கூடப் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

பல வருஷம் கழித்து வேலையில் அதேபோல் ஒன்றை எழுதும்போதுதான் தெரிந்தது. எப்படி ஒப்பிடுவது என்று சொல்லித்தராவிட்டால், அந்தக் காலத்துப் பைத்தான் உயரத்தையே பார்க்காது. நினைவகத்தில் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிடும். வெட்கத்தோடு தம்பிக்குப் போன் செய்தேன்.

அவன் சிரித்தான். "எனக்கு அன்னிக்கே தெரியும். நீ ஓடினதும் அக்கா வந்து, ஒப்பிடறதுக்கும் நாலு வரி எழுதிக் காட்டினா. ரெண்டு பேரும் சமம்னு வந்துச்சு. நான்தான் யார்கிட்டயும் சொல்லாதேன்னேன்."

"ஏன்டா?"

"பெல் அடிச்சுக்கிட்டே தெருவைச் சுத்திட்டு வந்தே. உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல மனசு வரல."

மூன்று வருஷம் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருநாளாவது திரும்பிப் பார்த்து, 'நீ ஓட்டறியா' என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.