மிச்சம் வைக்காத பிள்ளை

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் போயிருந்தோம். எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுச் செல்வியின் மகள் கவிதாவுக்குத்தான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. பள்ளிக்கூட மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கூடப் படிக்கிறவர்கள் ‘பரங்கிக்காய்’ என்று கூப்பிடுகிறார்களாம். இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஒரே அழுகை.

டாக்டரிடம் போனது இது இரண்டாவது தடவை. முதல் தடவையே அவர் கேட்டார், “வீட்டுல யாரும்மா சமையல்?”

செல்வி ராஜபாளையம் மில்லில் ஷிப்டு வேலை பார்ப்பவள். சமையல்... என்ன சொல்ல? அவள் வைக்கிற ரசத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். செட்டியார்பட்டியிலிருந்து மாமியார் வரும்போதெல்லாம், “ஏட்டி, இது கொழம்புன்னு நீயே சொன்னாத்தான் தெரியும்” என்று குத்துவாள். பிள்ளையும் பாதித் தட்டில் எழுந்துவிடும். அப்புறம் என்ன — அப்பன் வாங்கி வருகிற பரோட்டா சால்னாதான் ராத்திரிச் சாப்பாடு.

“கடைச் சாப்பாட்டை நிறுத்துங்க. வீட்டுல ருசியாச் சமைச்சுப் போடுங்க. எடை தானாக் குறையும்” என்றார் டாக்டர்.

நியாயம்தானே? அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்த ஒரே பாடம் சமையல். சொல்லிக் கொடுத்தேன். செல்வியும் ஷிப்டு முடிந்து வந்து, கண் எரிய எரிய அம்மியில் மசாலா அரைத்துக் கற்றுக்கொண்டாள். பரோட்டா நின்றது. “அத்தை, எம்புள்ள தட்டை வழிச்சுத் தின்னுட்டா!” என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது.

போன வாரம் எடை மெஷினில் ஏற்றினார்கள். முள் முன்னைவிடத் தள்ளிப்போய் நின்றது.

“என்னம்மா செஞ்சீங்க?” என்று டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

சமைக்கத் தெரியாவிட்டால் பிள்ளை கடையில் தின்று குண்டாகிறது. தெரிந்தால் வீட்டிலேயே தின்று குண்டாகிறது. தாய்க்காரி எங்கேதான் போவாள்?

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் செல்வி பால்கோவாக் கடைப் பக்கம் நடந்தாள்.

“ஏட்டி, எதுக்கு வந்தோம்... என்ன வாங்குத?”

“புள்ள மொகமே வாடிப் போச்சு அத்தை. இம்புட்டுத் தூரம் வந்துட்டு வெறுங்கையோடயா பஸ் ஏறச் சொல்லுதிய?”

அவள் போனதும் கவிதாவிடம் மெதுவாகக் கேட்டேன். “அம்புட்டுமா பசிக்கி ஒனக்கு?”

“பசிக்கல ஆச்சி.”

“பொறவு ஏன் தின்னுத?”

“முன்னால மிச்சம் வச்சா அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. இப்ப வச்சா, ‘இன்னுமா நல்லா இல்ல’ன்னு அழுதிருதா.”

இதைச் செல்வியிடம் சொல்லலாமா? சொன்னால் அதற்கும் அழுவாள். பிள்ளை அதற்கும் சேர்த்துத் தின்னும்.

பஸ் கிளம்பியது. செல்வி பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள். பிள்ளை பால்கோவாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் கண்ணைப் பார்த்தது... வாயைத் திறந்தது.

இதைக் குறைக்க எந்த டாக்டரிடம் போக?