முப்பத்தாறு அங்குல மேடை

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில், மென்பொருள் வேலைக்குப் புணே வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் சொந்த வீடு பார்க்கத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜோடியாக எங்கள் ஆகுர்டி வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, நீங்க நின்னு கட்டினவங்க, ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க" என்பார்கள். என் கணவர் கம்பியின் கனம், சிமெண்ட் கலவை என்று ஆரம்பிப்பார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நான் நுழைவேன்.

"தரை எவ்வளவு ஏறும்னு முதல்ல கேளுங்க. அப்புறம் அடுப்பு மேடையை அளங்க."

உடனே அவருக்கு வாசலில் ஏதோ வேலை வந்துவிடும்.

எங்கள் வீட்டில் தேதிகள் என் பொறுப்பு, அளவுகள் அவர் பொறுப்பு. எங்கள் கல்யாண நாளையே நான்தான் அவருக்கு நினைவூட்டவேண்டும். ஆனால் வண்டித் தொழிற்சாலையில் டூல் ரூம் வேலை பார்த்தவர். தலைமுடியைப் பத்தாகப் பிளந்து ஒரு பங்கை அளக்கச் சொன்னாலும் அளந்துவிடுவார். கத்தரிக்காய் வாங்கும்போதுகூட விரல் இரண்டையும் விரித்து ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்ப்பார். சந்தையில் இருக்கும் காய்காரி என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். அவரைவிட இரண்டு அங்குலம் அதிகம். கல்யாணமான எண்பத்தாறிலிருந்து பத்து வருஷம் கசார்வாடியில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டுச் சமையல் மேடை, இந்த ஊரில் ஓட்டா என்பார்கள், யாரோ குள்ளமான மனுஷிக்காகக் கட்டியது. தினமும் காலையில் நான் தோசை ஊற்றுவதைப் பின்னாலிருந்து பார்த்தால், தொலைந்த மோதிரத்தைத் தேடுகிறேன் என்றுதான் நினைப்பார்கள். ஏழெட்டு வருஷத்தில் இடுப்பு சண்டைக்கு வந்துவிட்டது. காலையில் கட்டிலை விட்டு எழவே சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. புணே கேம்ப் பகுதியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்பில் ஒன்றுமில்லை. குனிவதை நிறுத்துங்கள். இப்படியே போனால் நிமிர்வதுதான் நிற்கும்" என்றார்.

ஆகவே ஆகுர்டியில் மனை வாங்கியபோது அவரிடம் சொன்னேன்: "ஏனுங்க, ஹால் எந்தப் பக்கம், மாடிப்படி எந்தப் பக்கம், எல்லாம் உங்க இஷ்டம். நான் நிமிர்ந்து நின்னு சமைக்கோணும். எனக்கு அது போதும்."

"இவ்வளவுதானா? நூல் பிசகாம செஞ்சுடலாம், அம்மிணி" என்றார்.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில் அஸ்திவாரம் தோண்டினோம். மழைக்கு முன் மேல் கான்க்ரீட் முடிந்தது. வீடு கட்டுவது பற்றி அவர் மூன்று புத்தகங்கள் வைத்திருந்தார். மூன்றையும் நானும் படித்தேன். மேடை உயரத்துக்கு ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார்கள். ஒருவரும் தோசை ஊற்றிப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை.

அதனால் ஒரு ஞாயிறு நானே ஸ்டவ், தோசைக்கல், மாவுப் பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பூசாத அந்தச் சமையலறைக்குப் போனேன். செங்கல் அடுக்கி, மேலே சாரப் பலகை போட்டு, ஒவ்வொரு உயரத்திலும் தோசை சுட்டேன். அவர் கல் ஏற்றினார். மேஸ்திரியும் ஆட்களும் தோசை தின்றார்கள். மேஸ்திரி சாத்தாராக்காரர், கணவரை சாஹேப் என்பார், என்னை வஹினி, அதாவது அண்ணி, என்பார். "இன்னும் இரண்டு உயரம் பார்த்துவிடுங்கள், வஹினி. சட்னி மிச்சம் இருக்கிறது" என்றார் இந்தியில்.

முப்பத்தாறு அங்குலத்தில் என் முதுகு வாயை மூடிக்கொண்டது. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், பலகை அதற்கு முக்கால் சாண் கீழே இருந்தது. இன்றைக்கும் யார் கேட்டாலும் அந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். யார் அதிகம் சமைக்கிறார்களோ அவர்கள் முழங்கைதான் அளவுகோல். கூடவே இன்னொன்று: மேடைக்கடியில் பாதம் நுழைய நாலு விரற்கடை இடம் விடவேண்டும். இல்லாவிட்டால் கால்விரல் இடிக்கும், உடம்பு பின்னால் போகும், திரும்பவும் குனிவோம்.

முப்பத்தாறு என்றதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"அம்மா வருஷத்துல ஆறு மாசம் இங்க வந்து இருப்பாங்க. அவங்களுக்கு எட்டுமா?"

என் மாமியார் நாலடி பத்து அங்குலம். கோயம்புத்தூரில் தனியாக இருந்தார். வீடு முடிந்ததும் வருவதாக ஏற்பாடு. மகன் அன்று இரவெல்லாம் யோசித்து, காலையில் காபியோடு ஒரு தீர்வு கொண்டுவந்தார். அம்மாவுக்கு முப்பது, எனக்கு முப்பத்தாறு, சராசரி முப்பத்து மூன்று.

"அப்ப ரெண்டு பேருக்குமே ஆகாது" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் சமமா ஆகாது. யாரும் குறை சொல்ல முடியாது பாரு."

இந்த நியாயத்தை நான் ஏற்கவில்லை. ஒரு வாரம் உப்புமாவாகவே போட்டேன். இறங்கி வந்தார். மேடை கட்டிய அன்று தொழிற்சாலைக்கு லீவு போட்டு, இரும்பு ஸ்கேலோடு நின்றார். பக்கச் சுவர் இரண்டும் எழும்பி, ஏழடி நீளக் கடப்பாக் கல் உட்கார்ந்தது. நாலு இடத்தில் அளந்தார். நாலிலும் முப்பத்தாறு. சாயங்காலம் வந்து, "போய் நின்னு பாரு, இமயமலை உச்சி மாதிரி இருக்கும்" என்றார். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

கணபதியைக் கரைத்த மறுவாரம் தரை வேலை. மண் நிரவி, இரண்டு அங்குலம் சுண்ணாம்புக் கலவை போட்டு, அதன்மேல் ஒரு அங்குல மொசைக் கல் பதித்தார்கள். காய்ந்தபின் போய் மேடைமுன் நின்றேன். ஏதோ சரியில்லை. பழைய இடத்தில் பழைய வலி எட்டிப் பார்த்தது.

"கொஞ்சம் அளங்க."

அளந்தார். ஸ்கேலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். முப்பத்து மூன்று.

"உங்க சராசரி வந்துடுச்சுங்க. தரையும் உங்க அம்மா பக்கம் சேர்ந்துக்கிச்சு" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் இன்னும் முப்பது வருஷம் இந்தக் கல்லின்முன் நான்தானே நிற்கவேண்டும்?

மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் வருத்தப்படவே இல்லை. "சாஹேப் முப்பத்தாறு கேட்டார், முப்பத்தாறு கொடுத்தேன். அப்புறம் தரை வந்தது. தரையைக் கேளுங்கள்." கல்லைத் தூக்கலாமா என்றால், "தூக்கலாம். நடுவில் விரிந்தால் என்னைக் கேட்காதீர்கள்" என்றார்.

கட்டுவதற்கு முன்பே, தண்ணீர் ட்யூபை வைத்து மட்டம் பார்த்து, முடிந்த தரை எங்கே வரும் என்று எல்லாச் சுவரிலும் ஒரு கோடு போட்டிருக்கவேண்டும். மேடை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கவேண்டும். தரை முடியும்வரை அலமாரிக்குத் தச்சரையும் கூப்பிடக்கூடாது. புத்தகங்களில் இது இருந்தது. இரண்டு பேருமே அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறோம்.

கணவருக்குக் கல் விரிந்துவிடும் என்று பயம். "பழகிக்கலாம், அம்மிணி. மூணு அங்குலம்தானே" என்று ஆரம்பித்தார். கத்தரிக்காயில் அரை அங்குலம் விடாதவர்!

தசராவுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தது. பத்து நாள் முன்னதாக மாமியார் வந்து இறங்கினார். மகனே கூட்டிப் போய்க் காட்டினார். மாமியார் மேடைமுன் நின்று, கரண்டி பிடிப்பதுபோல் கையை வைத்துப் பார்த்தார்.

"ஏன்டா சாமி, எனக்குத் தோள்பட்டை நோகுது. இவளுக்கு?"

"எனக்கு இடுப்பு நோகுதுங்க அத்தை."

"அப்ப இது யாருக்குக் கட்டினது?"

மகன் சராசரிக் கதையையும் தரைக் கதையையும் சொன்னார். மாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"நான் குட்டை. ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்னுக்குவேன். இவ நெட்டை. இவளுக்குத் தரையில குழியா தோண்டுவே? கல்யாண போட்டோவுல உன்னைய மணை மேல ஏத்தித்தானே நிக்க வெச்சாங்க? அவளையா வெட்டிக் குறைச்சாங்க?"

பக்கத்தில் நின்றிருந்த மேஸ்திரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சாஹேப் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு வெளியே போய்ச் சிரித்தார்.

"அதுமில்லாம, நான் இங்க வந்து எதுக்குடா சமைக்கறேன்? சாப்பிட வந்திருக்கறேன்" என்று மாமியார் முடித்தார்.

மறுநாள் காலை கல்லுக்கடியில் இருந்த கலவையை உளியால் மெல்லத் தட்டிப் பிரித்து, ஆறு ஆட்கள் கல்லைத் தூக்கினார்கள். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். கல் தரையில் இறங்கும்வரை நானும் மூச்சு விடவில்லை. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது, அவ்வளவுதான். இரண்டு சுவரிலும் ஒரு வரி செங்கல் ஏற்றி, கல்லைத் திரும்ப உட்காரவைத்தார்கள். ஒரு வரி மூன்று அங்குலம். தொட்டித் தண்ணீர்க் குழாயை மட்டும் கொஞ்சம் நீட்டவேண்டியிருந்தது.

தசராவன்று பால் பொங்கியபின் முதல் தோசை ஊற்றினேன். நேரே ஜன்னல், எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் துணி தெரிந்தது. பத்து வருஷமாகச் சமைக்கும்போது நான் பார்த்ததெல்லாம் அடுப்பு பர்னர்தான். அன்று இருபது பேருக்குச் சுட்டுவிட்டு, சுவரைப் பிடிக்காமல் நடந்து கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, இப்ப எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்க."

அவர் சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். "எனக்கு மேடை கொஞ்சம் உயரமா இருக்கே, அம்மிணி" என்றார்.

மாமியார் எழுந்து போனார். தனக்கென்று வாங்கிவைத்திருந்த புதுப் பலகையைக் காலால் அடுப்புப் பக்கம் நகர்த்தினார்.

"ஏறு, சாமி. எனக்கும் சேர்த்துப் போடு. சர்க்கரை அரை ஸ்பூன்."